குற்றாலம்: 11 மணி முதல் 12 மணி வரை!

எங்கள் வீட்டில் டூர் என்றால் முதலில் பட்ஜெட் கூட்டத் தொடர் நடக்கும். பி.காம். படித்த பாவத்துக்கு நான்தான் நிரந்தர நிதியமைச்சர். போன ஜூலையில் மதுரையிலிருந்து காரில் திருவனந்தபுரம் என்று முடிவானதும், வழக்கம்போல அட்டவணை போட்டேன். ராஜபாளையம்: டிபன், 30 நிமிடம். செங்கோட்டை: சாப்பாடு, 40 நிமிடம். சாயங்காலம் நாலு மணிக்குத் திருவனந்தபுரத்தில் லாட்ஜ். அட்வான்ஸ்கூட கட்டியாயிற்று.

அப்போதுதான் ஈஸிசேரிலிருந்து அப்பாவின் குரல்.

"குற்றாலத்துல கொஞ்சம் நிறுத்துவியாப்பா?"

அம்மா போய் ஒரு வருஷமாகிறது. அதற்கப்புறம் அப்பா வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் இதுதான். கல்யாணமான புதிதில் அவரும் அம்மாவும் போன முதல் ஊர் குற்றாலம். அப்புறம் சீஸன் தவறினாலும் அவர்கள் தவறியதில்லை. அட்டவணையைத் திருத்தினேன். 'குற்றாலம்: 11 மணி முதல் 12 மணி வரை.' பெருந்தன்மையாக ஒரு மணி நேரம்!

தென்காசியைத் தாண்டியதும் காற்று மாறியது. தமிழ்நாட்டின் பல ஊர்கள் ஜூன், ஜூலையில் காய்ந்துகொண்டிருக்க, இங்கே சாரல் எப்படி? மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு கணவாய் என்று ஓர் இடைவெளி. கேரளாவுக்கு வரும் தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்து வழியாக நமக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போகிறது. பெரிய வீட்டுக் கல்யாணத்தில் பக்கத்து வீட்டுக்கும் பாயசம் வருகிற மாதிரி!

பையன்கள் இரண்டு பேரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காரிலிருந்து குதித்தார்கள். ரம்புட்டான், மங்குஸ்தான் கடைகள், நேந்திரம் சிப்ஸ் வாசனை, பையில் கண் வைத்திருக்கும் குரங்குகள், எல்லாவற்றையும் கடந்து பேரருவிக்குப் போனால்... கயிறு கட்டி, போலீஸ்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"குளிக்கத் தடை சார். தண்ணி ஆர்ச்சைத் தாண்டி விழுது."

நிமிர்ந்து பார்த்தேன். ஏறக்குறைய 60 மீட்டர் உயரம். அருவிக்கு முன்னால் பாதுகாப்பு வளைவு ஒன்று உண்டு. தண்ணீர் அதற்குள் விழுந்தால் குளிக்கலாம். தாண்டி விழுந்தால் வேடிக்கைதான். அன்றைக்கு அருவி வளைவை மதிக்கவே இல்லை.

பன்னிரண்டு மணி. நான் வாட்சைப் பார்த்தேன். லாட்ஜ் அட்வான்ஸ் கண் முன்னால் வந்தது.

"அப்பா, கிளம்பலாமா? திரும்பி வர்றப்ப பாத்துக்கலாம்."

"சரிப்பா" என்று உடனே எழுந்துவிட்டார்.

திரும்பி வருவது நாகர்கோவில் வழி. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

காரை நோக்கி நடக்கையில் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, அத்தை போனதுலேர்ந்து மாமா எல்லாத்துக்கும் 'சரி'ங்கிறாரு. கவனிச்சீங்களா? காபி ஆறிப்போச்சுன்னாலும் சரி, டி.வி.யை நிறுத்தினாலும் சரி. அதுக்கு முன்னாடி உங்க வீட்ல அவரு எதுக்காவது சரின்னு சொல்லியிருக்காரா?"

எனக்குச் சுருக்கென்றது. உப்பு ஒரு கல் கூடினால் தட்டைத் தள்ளுகிற மனுஷர் அவர். ஒரு வருஷமாக வீட்டில் சத்தமே இல்லை. 'வயசாயிடுச்சு, பக்குவம் வந்துடுச்சு' என்று நான் கணக்கெழுதி வைத்திருந்தேன். தப்பான பக்கத்தில் பதிந்த பற்று!

லாட்ஜுக்கு போன் போட்டு, "ராத்திரி லேட்டாகும்" என்றேன். காத்திருப்பது என்று முடிவு.

இரண்டு மணி வரைக்கும் பொறுத்தேன். அப்புறம் என் ஆபீஸ் புத்தி விழித்துக்கொண்டது. கான்ஸ்டபிளிடம் போய், "சார், பெரியவர் ரொம்ப ஆசையா வந்திருக்காரு. ஓரமா நின்னு, ரெண்டே நிமிஷம்..." என்று இழுத்தேன்.

"அந்த ரெண்டு நிமிஷம்தான் சார் ஆபத்து" என்றார் அவர்.

2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் நடந்ததைச் சொன்னார். குளித்துக்கொண்டிருந்தவர்கள்மீது திடீரென்று காட்டாற்று வெள்ளம். அலறிக்கொண்டு படியேறி ஓடினார்கள். ஒரு பள்ளிக்கூடப் பையன் அடித்துப் போகப்பட்டு இறந்தான். அந்த வீடியோவை நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள்.

"கீழ வெயிலடிக்கும் தம்பி. மேல மலையில கொட்டுறது நமக்குத் தெரியாது" என்று பின்னாலிருந்து குரல். அப்பா! "தண்ணியோட கலரைப் பாரு. செம்மண்ணா வருது. எலை, சுள்ளியெல்லாம் வருது. சத்தமும் கனமா இருக்கு. இந்த மாதிரி வந்தா உங்கம்மாவே என்னைக் கரையேத்திடுவா. சட்டமா பேசாம வந்து உக்காரு."

திட்டினார், சார்! ஒரு வருஷத்துக்கப்புறம் என்னைத் திட்டினார்! மனைவி திரும்பி நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் படியில் உட்கார்ந்து பேரன்களுக்கு ஒரே பாடம்தான். மேலிருந்து விழுகிற சிற்றாறு நேரே நம் தலையில் விழுந்தால் கபாலம் தாங்காதாம். நடுவில் பொங்குமாகடல் என்கிற பாறைக் குழியில் விழுந்து, பொங்கி வழிந்து, கோபம் தணிந்துதான் கீழே வருகிறதாம். நடராஜரின் ஐந்து சபைகளில் சித்திர சபை இந்த ஊரில்தானாம். குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்குச் சொந்த ஊர் பக்கத்து மேலகரமாம். அம்மா எந்தக் கடையில் மங்குஸ்தான் பேரம் பேசி ஜெயித்தாள் என்கிற வரலாறும் நடுநடுவே வந்தது. நான் கேட்டே இராத கதைகள். கேட்க நேரம் ஒதுக்கியிருந்தால்தானே?

நாலரை மணிக்குத் தண்ணீர் வெளுத்தது. வளைவுக்குள் அடங்கியது. விசில் ஊதிக் கயிற்றை அவிழ்த்தார்கள். அப்பா பையிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுக்க, அதே கான்ஸ்டபிள் கையை நீட்டினார். எண்ணெய், சோப்பு, ஷாம்பூ எதுவும் அருவிக்குள் கூடாது. "நல்ல சட்டம்தான்" என்று பாட்டிலை என்னிடம் தள்ளினார் அப்பா.

பெண்கள் பக்கம் மனைவி போக, ஆண்கள் வரிசையில் நாங்கள். சின்ன வயசில் இதே இடத்தில் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது ஞாபகம் வந்தது. வலிக்கிற அளவுக்குப் பிடிப்பார். இப்போது அவர் மணிக்கட்டு என் கையில். ரொம்ப மெலிந்திருந்தது. முதுகில் ஆயிரம் பேர் சேர்ந்து தட்டுவது போலத் தண்ணீர் விழுந்தது. அப்பா கண்ணை மூடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் வழிந்ததெல்லாம் அருவிதானா என்று நான் விசாரிக்கவில்லை.

"போதும், போதும், அடுத்த ஆளுக்கு விடுங்க!" மறுபடி விசில்.

காத்திருந்தது ஐந்தரை மணி நேரம். குளித்தது ஐந்து நிமிஷம். எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இருட்டுகிற நேரத்தில் செங்கோட்டைக்கு முன்னால் பிரானூரில் பார்டர் பரோட்டா. அம்மா போனதிலிருந்து வைத்ததைச் சாப்பிட்டு எழுந்துவிடுகிற அப்பா, இரண்டு முடித்து நிமிர்ந்தார்.

"இன்னும் ரெண்டு வைப்பா... ஏம்ப்பா, சால்னா ஏன் இப்படி ஆறிக் கிடக்கு?"

சர்வர் ஓடினார். நான் சட்டைப் பையிலிருந்த அட்டவணையை எடுத்துக் கை துடைத்துக்கொண்டேன்.