வரியைப் பற்றிப் பேசுகிறவர் எவ்வளவு வரி கட்டினார்... தெரியுமா?

13 வயதுப் பையன் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வானா? செய்தானே! 1944-ல், அமெரிக்காவில், வீடு வீடாகப் பத்திரிகை போட்டுக்கொண்டிருந்த ஒரு பொடியன் அரசாங்கத்துக்கு 7 டாலர் வரி கட்டினான். பத்திரிகை போட ஓட்டிய சைக்கிளையும் தொழில் செலவு என்று கணக்கில் கழித்துக் காட்டினான்! அந்தப் பையனின் பெயர் வாரன் பஃபெட். பின்னாளில் உலகத்தின் முதல் வரிசைப் பணக்காரர்களில் ஒருவர்.

அதே பஃபெட் 67 ஆண்டுகள் கழித்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். 2011 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை. முந்தைய ஆண்டுக்குத் தான் கட்டிய மத்திய வரி 69,38,744 டாலர் என்று கடைசி டாலர் வரை எழுதிவிட்டார். அடேங்கப்பா, எவ்வளவு பெரிய தொகை என்றுதானே தோன்றுகிறது? வரிக்குரிய வருமானத்தில் அது வெறும் 17.4 சதவீதம்! அவர் அலுவலகத்தில் இருந்த மற்ற 20 பேரும் கட்டியது 33 முதல் 41 சதவீதம் வரை. முதலாளியைவிட அவருடைய செயலாளர் கட்டும் வரி விகிதம் அதிகம்!

எப்படி? உழைத்து வாங்கும் சம்பளத்துக்கு ஒரு விகிதம், பணம் போட்டுப் பெறும் லாபத்துக்கு இன்னொரு விகிதம். அன்று அமெரிக்காவில் நீண்டகாலம் வைத்திருந்து விற்ற பங்கின் ஆதாயத்துக்கும் ஈவுத்தொகைக்கும் உச்ச வரி 15 சதவீதம்தான். பஃபெட் பல பத்தாண்டுகளாக வாங்கிவந்த ஆண்டுச் சம்பளமோ 1 லட்சம் டாலர் மட்டும். வருமானத்தின் பெரும்பகுதி முதலீட்டு வழியில் வந்தது. எதிர்த்தவர்களிடமும் விஷயம் இருந்தது. நிறுவனம் ஏற்கெனவே தன் லாபத்துக்கு வரி கட்டிவிட்டதே, அதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டார்கள். சமூகப் பாதுகாப்பு வரியில் ஊழியர்களுக்காக முதலாளி கட்டும் பங்கையும் ஊழியர்களின் வரியாகவே எண்ணியிருக்கிறார் என்றும் சுட்டிக்காட்டினார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்.

2012 ஜனவரியில் அதிபர் ஒபாமா நாடாளுமன்றத்தில் ஆண்டு உரை நிகழ்த்தியபோது மிஷெல் ஒபாமாவின் விருந்தினராக யார் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? பஃபெட்டின் அதே செயலாளர்! ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டுபவர் குறைந்தது 30 சதவீதமாவது வரி கட்ட வேண்டும் என்ற யோசனைக்கே 'பஃபெட் விதி' என்று பெயர் வந்துவிட்டது. ஏப்ரலில் செனட் அவைக்கு வந்தது. ஆதரவு 51, எதிர்ப்பு 45. ஜெயித்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? இல்லை! விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளவே அங்கே 60 பேர் வேண்டும். 51 பேர் ஆதரித்தும் விதி அங்கேயே நின்றுபோனது.

கதை இத்துடன் முடியவில்லை. 2021-ல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் கையில் பெரும் பணக்காரர்களின் வரிக் கணக்குகள் சிக்கின. 2014 முதல் 2018 வரை பஃபெட்டின் செல்வம் 2,430 கோடி டாலர் கூடியது. அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் கட்டிய வரி 2.37 கோடி டாலர். அதாவது 100 டாலர் சொத்து கூடினால் 10 சென்ட் வரி! சட்டத்தை மீறி ஒன்றும் நடக்கவில்லை. விற்காத பங்கின் விலை ஏறினால் அது வருமானமே ஆகாது. அவருடைய பெர்க்ஷயர் ஹாத்வே நிறுவனமோ அவர் கைக்கு வந்த பிறகு ஒரே ஒரு முறைதான் ஈவுத்தொகை கொடுத்தது, 1967-ல்! செய்தி வந்ததும் பஃபெட் நீண்ட விளக்கம் கொடுத்தார். வரிச் சட்டம் மாற வேண்டும் என்பதில் தான் உறுதியாகத்தான் இருப்பதாகச் சொன்னார். கூடவே, தன் சொத்து அரசின் கடனைத் துளியளவு குறைப்பதைவிட அறக்கட்டளைகள் வழியாகப் போனால் சமூகத்துக்கு அதிகம் பயன்படும் என்றும் சொன்னார். என் மனம் தடுக்கி நிற்பது இந்த இடத்தில்தான். அரசுக்கு இன்னும் வரி கொடுங்கள் என்று கேட்கும் கையே, தன் பணத்தை அரசின் பக்கம் நீட்டத் தயங்குகிறது. ஆனால் 2011-ல் யாரும் கேட்காமலே தன் எண்களைத் தானே ஊர் நடுவில் வைத்தவரும் அவர்தான். அதை நான் சிறிதாக நினைக்க மாட்டேன்.

"அவ்வளவு ஆசையாக இருந்தால் நீங்களே ஒரு காசோலை எழுதி அனுப்புங்களேன்!" அன்று பஃபெட்டை நோக்கிப் பறந்த பதில் இது. வெறும் வாய்ப்பேச்சு என்று நினைக்காதீர்கள். அப்படி அனுப்புவதற்கென்றே அமெரிக்கக் கருவூலத்தில் ஒரு கணக்கு இருக்கிறது! நாட்டுக்கு அன்பளிப்பு கொடுக்க விரும்புகிறவர்களுக்காக 1843-ல் தொடங்கியது. நாட்டின் கடனை அடைக்க மட்டும் உதவ விரும்பினால், அதற்குத் தனிக் கணக்கு 1961 முதல் உண்டு. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் பார்க்கர்ஸ்பர்க் என்ற ஊருக்குக் காசோலை அனுப்பலாம், கிரெடிட் கார்டிலும் செலுத்தலாம். ஆண்டுக்குச் சில பத்து லட்சம் டாலர் சேர்ந்தால் பெரிது. கடனோ 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. 1843 என்ற ஆண்டை மட்டும் மனதில் முடிந்து வையுங்கள். அது மறுபடி வரும்.

இதைவிட வியப்பு மாசசூசெட்ஸ் மாநிலத்தில்! அங்கே மாநில வருமான வரியைக் குறைத்தபோது, பழைய 5.85 சதவீதத்தையே கட்டுகிறேன் என்று விருப்பப்பட்டுச் சொல்வதற்குப் படிவத்திலேயே வழி வைத்தார்கள். மனமுவந்து கூடுதல் வரி! தேர்ந்தெடுப்பவர்கள் மிக மிகச் சிலரே. செல்வந்தர்கள் இன்னும் கொடுக்க வேண்டும் என்று உரத்துப் பேசிய பேராசிரியர் எலிசபெத் வாரன் 2012-ல் அங்கிருந்து செனட்டுக்குப் போட்டியிட்டார். நீங்கள் கூடுதல் விகிதம் கட்டினீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்று ஒப்புக்கொண்டார். எதிரணி விடுமா? பிடித்துக்கொண்டது. ஒருவர் தனியாகக் கூடுதலாகக் கட்டுவதும், எல்லோருக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று கேட்பதும் வேறு வேறு என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் கேள்வி குத்தியது உண்மை.

அதே மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் மிட் ராம்னி அதே ஆண்டு அதிபர் வேட்பாளர். அவர் செய்தது என்ன தெரியுமா? வேண்டுமென்றே வரியைக் கூட்டிக் கட்டினார்! 2011-ல் அவர் வருமானம் சுமார் 1.37 கோடி டாலர். சுமார் 40 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்திருந்தார். அத்தனையையும் கழித்திருந்தால் வரி விகிதம் மிகவும் கீழே போயிருக்கும். ஆண்டுதோறும் குறைந்தது 13 சதவீதம் கட்டியிருக்கிறேன் என்று அவர் முன்பே சொல்லிவிட்டாரே! அதனால் 22.5 லட்சத்தை மட்டும் கழித்து, 14.1 சதவீதம் கட்டினார். கட்ட வேண்டியதற்கு மேல் வரி கட்டுகிறவன் அதிபர் பதவிக்கே தகுதியற்றவன் என்ற பொருளில் சில வாரங்களுக்கு முன்புதான் பேசியிருந்தார்!

அமெரிக்கர்களில் 47 சதவீதம் பேர் வருமான வரியே கட்டுவதில்லை என்று அவர் ஒரு நிதி திரட்டும் கூட்டத்தில் பேசிய காணொளியும் அப்போதுதான் வெளியே வந்தது. எண் கிட்டத்தட்ட சரி. ஆனால் அவர்களில் வேலைக்குப் போகிறவர்களின் சம்பளத்தில் முதல் டாலரிலிருந்தே இன்னொரு வரி பிடித்தமாகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சமூகப் பாதுகாப்புக்கு 6.2 சதவீதம், முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம். இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். சமூகப் பாதுகாப்பு வரிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2024-ல் அது 1,68,600 டாலர். அதற்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் அந்த வரி கிடையாது! மருத்துவமனைச் செவிலியர் டிசம்பர் கடைசி வரை கட்டுகிறார். ஆண்டுக்கு 5 கோடி டாலர் சம்பளம் வாங்குபவர் எப்போது கட்டி முடிப்பார்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரி 2!

5 கோடி என்பதை நான் சும்மா சொல்லவில்லை. வானொலி அரசியல் விமர்சகர் ரஷ் லிம்பா 2008-ல் போட்ட எட்டு ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 40 கோடி டாலர். சாமானியனின் பைக்குள் அரசாங்கம் கையை விடுகிறது என்று நாள்தோறும் முழங்கியவர் அவர். 2009-ல் நியூயார்க் மாநிலம் பணக்காரர்களுக்கு வரியை உயர்த்தியதும், அங்கிருந்து முழுமையாக விலகுவதாக ஒலிபரப்பிலேயே அறிவித்தார். அவர் வீடு இருந்த ஃபுளோரிடாவிலோ தனிநபர் வருமான வரிக்கு மாநில அரசியலமைப்பே தடை போட்டிருக்கிறது, 1924 முதல்!

வானொலியில் அரசியல் பேசி அதிபர் நாற்காலி வரை போனவரும் உண்டு. ரொனால்ட் ரீகன்! 1975 முதல் 1979 வரை அவர் வானொலி விமர்சகர். அதற்கும் முன்னே ஹாலிவுட் நடிகர். போர்க்காலத்தில் உச்ச வரி 94 சதவீதம் வரை ஏறியிருந்தது. நான்கு படம் நடித்தால் அந்த வரம்பைத் தொட்டுவிடுவோம், ஐந்தாவது படம் எதற்கு என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவோம் என்று அவரே சொல்லிவந்தார். அந்தச் சொந்த அனுபவம் ஒரு நாட்டின் சட்டமானது. அவர் அதிபரானபோது 70 சதவீதமாக இருந்த உச்ச வரி, 1988-ல் 28 சதவீதம்! அரசின் செலவு மட்டும் கூடவே இறங்கவில்லை. கடன் ஏறத்தாழ மூன்று மடங்கானது.

உச்ச வரியை இறக்குவதில் ரீகனுக்கும் ஒரு முன்னோடி உண்டு. 1920-களின் நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெலன் நாட்டின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர். உச்ச வரியை 73 சதவீதத்திலிருந்து 25-க்கு இறக்கினார். தனக்காகச் செய்துகொண்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அவரே இன்னொன்றும் எழுதினார்: உழைத்துச் சம்பாதிக்கும் கூலிக்கு, முதலீட்டு வருமானத்தைவிடக் குறைந்த வரி போட வேண்டும் என்று! பஃபெட் சுட்டிக்காட்டிய நிலைமைக்கு நேர் எதிர். பிறகு ரூஸ்வெல்ட் அரசு மெலன் மீதே வரி ஏய்ப்பு வழக்குத் தொடுத்தது. அவர் மோசடி செய்யவில்லை என்று தீர்ப்பு வந்தது 1937 டிசம்பரில். அவர் இறந்ததோ ஆகஸ்டில்.

மெலன் காலத்தில் நடந்த இன்னொன்றை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம் அடங்குவதில்லை. 1924-ல் யார் எவ்வளவு வரி கட்டினார்கள் என்ற பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று சட்டம் வந்தது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக அச்சிட்டுத் தள்ளின! அச்சிட்டது தவறில்லை என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. 1926-ல் அந்தச் சட்டம் போய்விட்டது. நார்வேயில் இன்றும் யாருடைய வருமானத்தையும் வரியையும் யாரும் பார்க்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: நீங்கள் பார்த்தீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்! 2014-ல் அந்த மாற்றம் வந்ததும் தேடுவோர் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது.

இப்போது அந்த 1843-க்கு வருவோம். லண்டனில் ஒரு வார இதழ் பிறந்த ஆண்டு அது. தி எகனாமிஸ்ட்! தொடங்கியவர் ஜேம்ஸ் வில்சன், ஸ்காட்லாந்தின் தொப்பி வியாபாரி. அவுரி விலையை நம்பிச் சூதாடிச் சொத்தில் பெரும்பகுதியை இழந்து, மீண்டு எழுந்தவர். தடையில்லா வாணிபத்துக்காக வாரந்தோறும் எழுதிய அந்த விமர்சகரை 1859-ல் இந்தியாவுக்கு நிதிப் பொறுப்பாளராக அனுப்பினார்கள். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா காலி. 1860-ல் அவர் கொண்டுவந்ததுதான் இந்தியாவின் முதல் வருமான வரி! ஆண்டுக்கு 200 ரூபாய் முதல் 500 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம்.

எதிர்த்துச் சீறியது எந்த ஊர் தெரியுமா? நம் சென்னை! சீறியவர் மெட்ராஸ் கவர்னரே! சார்லஸ் டிரெவெல்யன். புது வரி வேண்டாம், ராணுவச் செலவைக் குறையுங்கள் என்று எழுதினார். மேலிடத்துக்கு ரகசியமாகச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். சங்கேதம் இல்லாமல் எல்லோரும் படிக்கும்படி தந்தி அடித்தார். எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். கவர்னர் பதவி பறிபோனது! வில்சனும் அவரும் யாரோ எவரோ அல்ல. லண்டனில் ஒரே கருவூலத் துறையில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்கள்.

டிரெவெல்யனைக் கொண்டாட எனக்கும் ஆசைதான். ஆனால் அயர்லாந்துப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மடிந்தபோது, நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்த கருவூல அதிகாரியும் இதே டிரெவெல்யன்தான். அங்கே பசித்தவன் வாயை மூடிய அதே 'செலவைக் குறை' என்ற சொல், இங்கே ஏழையின் மடிக்குக் காவலாக வந்தது. ஆளை வைத்து எடை போடுவதா, சொல்லை வைத்தா? இரண்டையும் வைத்தேதான் என்று இந்த மனிதரைப் படித்த பிறகு எனக்குத் தோன்றுகிறது.

பதவி போன டிரெவெல்யன் திரும்பி வந்தார். கவர்னராக அல்ல, வில்சன் வகித்த அதே நிதிப் பொறுப்புக்கு! ஐந்தாண்டுக்கென்று போட்ட அந்த வருமான வரி, 1865-ல் காலாவதியானது. வில்சன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. வரி போட்ட அதே 1860-ல், ஆகஸ்ட் மாதம், கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோயிருந்தார். அவர் கல்லறை எங்கே என்பதே காலப்போக்கில் மறந்துபோனது. 2007-ல், கல்கத்தாவின் முல்லிக் பஜார் பகுதிக் கல்லறைத் தோட்டத்தில், கவனிப்பாரின்றிக் கிடந்த அதை ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார். அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? வருமான வரித் துறை அதிகாரி!