உஷார்! கட்டாருக்குக் கொடுத்துவிடும் குளிசை அட்டை

நாளைக்குக் கட்டாருக்கோ சவூதிக்கோ பயணம் போகிறவரின் வீட்டுக்கு ஒரு பொதியோடு புறப்படுகிறீர்களா? தொதல், கருவாடு, மிளகாய்த்தூள் எல்லாம் இருக்கட்டும். அவற்றுக்கு நடுவே, "மகனுக்கு நித்திரை வருதில்லையாம்" என்று ஒரு குளிசை அட்டையைச் சுருட்டி வைத்திருந்தால், அதை இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள்.

உம்மாவுக்குக் கிளினிக்கில் கொடுத்த குளிசைதானே, டொக்டர் எழுதித் தந்ததுதானே என்று நினைக்கிறோம். அங்கே கணக்கு வேறு. டயஸிபாம், அல்பிரஸோலாம், குளோனஸிபாம் போன்ற நித்திரைக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற குளிசைகள், ட்ரமடோல், பிரிகபாலின் போன்ற வலிக் குளிசைகள், கொடீன் சேர்ந்த இருமல் மருந்து ஆகியவற்றை வளைகுடா நாடுகள் கடும் கட்டுப்பாட்டில் வைத்திருக்கின்றன. தன் சொந்த நோய்க்குக் கொண்டுபோகிறவரே தன் பெயரில் எழுதிய மருந்துத் துண்டும் வைத்தியரின் கடிதமும் வைத்திருக்க வேண்டும். பல மருந்துகளுக்கு அந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதியும் வேண்டும். இன்னொருவருக்காக எடுத்துப் போகிறவரின் பையில் அது அகப்பட்டால் போதைப்பொருள் வழக்காகவே முடியலாம். போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை கொடுக்கிற நாடு சவூதி. "பக்கத்து வீட்டு ராத்தா தந்தது, உள்ளே என்ன இருக்கென்று எனக்குத் தெரியாது" என்ற பதில் அந்த எயார்போர்ட்டில் யாரையும் காப்பாற்றாது.

பயணம் போகும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, எந்தப் பொதியையும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கொடுத்தவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஏன் இந்தக் கள்ள வழிக்குப் போகிறோம்? பயந்துதான். வளைகுடாவுக்குப் போகுமுன் செய்யும் மெடிக்கலில் மனநோய் இருந்தால் 'அன்ஃபிட்' போட்டுவிடுவார்கள். ஏஜென்சிக்குக் கட்டிய காசு, வட்டிக்கு எடுத்த கடன், அடகு வைத்த நகை எல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விடும். அதனால் வருத்தத்தை ஒளிக்கிறார்கள், குளிசையையும் ஒளித்தே வரவழைக்கிறார்கள். சிலர் மெடிக்கலுக்கு முன்பே தாங்கள் குடித்து வந்த குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். இது மிகவும் ஆபத்து. குளோனஸிபாம் வகைக் குளிசையைத் தொடர்ந்து குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். கடுமையான மனநோய்க்கு மருந்து எடுப்பவர் நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் திரும்பலாம். அப்போது அவர் இருக்கப்போவது லீவு கிடையாத ஒரு வீட்டில், கடவுச்சீட்டு வேலைக்கு எடுத்த கபீலின் கையில். நிறுத்துவதானாலும் குறைப்பதானாலும் எழுதித் தந்த வைத்தியரிடமே முதலில் கேளுங்கள். அவர் அதை ஏஜென்சிக்குச் சொல்லக் கூடாது. நோயாளியின் ரகசியம் காப்பது அவருடைய தொழிற்கடமை.

வைத்தியர் காத்தாலும் இன்னொரு வாசலால் ரகசியம் போகிறது. றியாத்தில் இருக்கும் மகள் இரவு பன்னிரண்டு மணிக்கு அழுதுகொண்டே ராத்தாவுக்கு ஒரு வொய்ஸ் அனுப்புகிறாள். ராத்தா அதைக் காக்காவுக்கு அனுப்ப, காக்கா குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் போட, விடியும்போது அது அக்கரைப்பற்று வரைக்கும் போயிருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை யாரிடமும் வாய் திறக்காது. அப்படி ஒரு வொய்ஸ் உங்களுக்கு வந்தால் உங்கள் போனோடு அதை நிறுத்துங்கள். உதவி கேட்கத்தான் வேண்டுமென்றால், விஷயத்தை உங்கள் வாயால் சொல்லுங்கள். அவளுடைய குரல் ஊருக்குப் போகக் கூடாது.

போனில் இறக்குகிற மனநல ஆப்களிலும் கண்ணை மூடிக்கொண்டு மனதைக் கொட்டாதீர்கள். அமெரிக்காவின் பெரிய இணைய ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப், தன்னிடம் வந்தவர்களின் தகவலை விளம்பரத்துக்காகப் பேஸ்புக் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023இல் அந்த நிறுவனம் 78 இலட்சம் டொலர் கட்ட உடன்பட்டது. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற சிகிச்சை நிறுவனத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. ஆயிரக்கணக்கான நோயாளிகள் தனியறையில் சொன்னவற்றின் குறிப்புகள் திருடப்பட்டு, 2020இல் அந்த நோயாளிகளையே மிரட்டிக் காசு கேட்டார்கள். பணக்கார நாட்டிலேயே இப்படி. இங்கே 'கவுன்சிலர்' என்று பேஸ்புக்கில் பக்கம் திறக்க யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. வைத்தியர் என்று சொல்பவரென்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். மற்றவரென்றால் எங்கே படித்தார், யாருக்குக் கீழ் வேலை செய்கிறார் என்று கேளுங்கள். சொல்லத் தயங்குபவரிடம் காசும் கொடுக்காதீர்கள், கதையும் சொல்லாதீர்கள்.

ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. துஆவில் ஆறுதல் கிடைத்தால் அது நல்லதே. ஆனால் வெளிநாட்டிலிருந்து உடைந்து வந்த பிள்ளைக்கு ஜின் பிடித்திருக்கிறது என்று அடிப்பவர், அறையில் பூட்டி வைப்பவர், ஆயிரக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு "குளிசையை நிறுத்து" என்பவர் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

நேர் வழி இருக்கிறது, அதற்குக் காசும் தேவையில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்காக இங்கிருக்கும் உம்மாவோ வாப்பாவோ எடுத்து ஆலோசனை கேட்கலாம். அரச ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்கும் இலவசம். மருந்து தட்டுப்பாடான நேரத்தில் சில குளிசைகளை வெளியில் வாங்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஊர்ச் சனம் பார்த்துவிடுமே என்று கூச்சமா? பாலமுனைக்காரர் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கல்முனைக்குப் போங்கள், அதுவும் கிட்ட என்றால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். கட்டாரில் இருப்பவர்களுக்கு அந்நாட்டு அரசின் 16000 என்ற இலக்கத்தில் மனநல உதவி கிடைக்கும்.

அங்கே வைத்தியரிடம் போகும்போது கபீலின் ட்ரைவரையோ அறைத் தோழனையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக்கை நாம் மறக்க முடியாது. 2005இல், வயதைக் கூட்டிப் போட்ட பாஸ்போர்ட்டில் சவூதி போனவள். அவள் பராமரித்த குழந்தை இறந்தபோது எடுத்த வாக்குமூலத்தைத் தமிழிலிருந்து அரபிக்கு மாற்றியவருக்கு அதற்குரிய திறமை இருந்ததா என்ற கேள்வி கடைசிவரை எழுந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அது கோர்ட்டு வழக்கு, இது வைத்தியம். ஆனாலும் உங்கள் வாய்ச்சொல்லை யார் எடுத்துச் சொல்கிறார் என்பது இரண்டிலும் உயிர் விஷயம்.

பெருநாளும் இல்லை, ஹஜ்ஜுப் பயணமும் இல்லை, திடீரென்று பிள்ளை போனில் எல்லாரிடமும் மாப் கேட்டால், கடன் விபரத்தையெல்லாம் ஒப்புவித்தால், "என்னைத் தேடாதீங்க" என்றால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அறையில் கூட இருப்பவரை எழுப்பி, பிள்ளையைத் தனியே விடாமல் பார்க்கச் சொல்லுங்கள். பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று இங்கே இன்னும் பயப்படுகிறோம். தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998இலிருந்து குற்றமல்ல. அங்கே சட்டம் வேறாக இருக்கலாம், அதனால் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவையும், இங்கிருந்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தையும் உடனே பிடியுங்கள்.

அந்த இலக்கத்தை எடுத்தால் பாஸ்போர்ட் இலக்கம், கபீலின் பெயர், போன் இலக்கம், வேலை செய்யும் ஊர், அனுப்பிய ஏஜென்சி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பதறும் நேரத்தில் இவற்றைத் தேட முடியாது. பிள்ளை நல்லபடி பேசும் இன்றிரவே கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இகாமா என்ற வதிவிட அட்டையின் போட்டோவையும் அனுப்பச் சொல்லுங்கள்.