அஞ்சும் நாயை அமைதியாக நடத்திச் செல்லும் முறை

பழவேற்காடு ஏரியைச் சார்ந்த பசியாவரம் முதலிய கிராமங்களில் நாய்களுக்கு அச்சம் விளைவிக்கும் ஒலிகள் பல உண்டு. படகு இயந்திரங்களின் இரைச்சல், ஐப்பசி கார்த்திகை மாதங்களின் இடிமுழக்கம், தீபாவளி வெடி ஆகியவற்றுடன், வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971-ஆம் வருஷம் முதல் ஏவப்பட்டு வரும் ராக்கெட்டுகளின் முழக்கமும் சேர்ந்துள்ளது. வீட்டிலும் களத்திலும் நன்றாய்க் காவல் புரியும் நாயுங்கூட, வெளியே அழைத்துச் செல்லுங்கால் இவ்வொலிகளைக் கேட்டு நடுங்கி, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவதுண்டு. பிடிக்க வருபவரைக் கடிப்பதும் உண்டு.

இந்நிலையில் அநேகர் நாயை அடித்து இழுத்துச் செல்கின்றனர். இது பெருந்தவறு. அச்சம் கீழ்ப்படியாமை அன்று. அடிபட்ட நாய் ஒலியோடு வலியையும் சேர்த்தே நினைவிற் கொள்ளும்; அடுத்த முறை அதன் அச்சம் இருமடங்காகும்.

அச்சம் தங்குவது எவ்வாறு?

1904-ஆம் வருஷம் நோபெல் பரிசு பெற்ற ருஷிய விஞ்ஞானி பாவ்லவ் என்பவரின் ஆராய்ச்சிசாலையில் நிகழ்ந்தது இங்கு கருதத்தக்கது. 1924-ஆம் வருஷம் லெனின்கிராட் நகரில் வெள்ளம் புகுந்தபோது, கூண்டுகளிலிருந்த நாய்கள் மூழ்கும் தறுவாயில் மீட்கப்பட்டன. பின்னர் சில நாய்கள் தாம் பழகியிருந்தவற்றை மறந்தன. தேறி வந்த ஒரு நாய், அறைக்குள் சிறிது நீரைக் கசியவிட்ட மாத்திரத்தில் மீண்டும் கலங்கிற்று. பழகிய மனிதர் உடனிருந்தபோதே அது அமைதியுற்றது. ஆகவே வளர்ப்பவரின் பொறுமையான துணை முதல் மருந்தாகும்.

பழக்கும் முறை

காளைக்கன்றை முதல் நாளே பாரவண்டியிற் பூட்டுவார் எவருமில்லை. நாயையும் அவ்வாறே படிப்படியாகப் பழக்க வேண்டும்.

வால் கால்களுக்கிடையே ஒடுங்குதல், காதுகள் பின்சாய்தல், உதட்டை நக்குதல், காரணமின்றிக் கொட்டாவி விடுதல், தின்பண்டத்தை மறுத்தல் ஆகியவை அச்சத்தின் அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் நாயைத் திருப்பி, அச்சம் தரும் பொருளினின்றும் அப்பால் கொண்டுபோதல் வேண்டும்.

படகுத்துறைக்கு அஞ்சும் நாயாயின், படகொலி மெல்லெனக் கேட்கும் தூரத்தில் நிறுத்தி, ஒலி எழுந்தவுடன் முள் நீக்கி உப்பின்றி வேகவைத்த மீன் துண்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். நாய் தடையின்றித் தின்னுமாயின் அத்தூரம் ஏற்றது; தின்ன மறுத்தால் இன்னும் விலக வேண்டும். சில நாட்கள் கழித்துச் சில அடிகள் மட்டும் நெருங்கலாம். ஒவ்வொரு முறையும் சில நிமிஷங்களே போதும். கழுத்தை இறுக்கும் சுருக்குக் கயிற்றை விடுத்து, மார்பைச் சுற்றிய பட்டையில் ஆறடிக் கயிறு கோத்து நடத்துதல் நலம். நடுங்கும் நாயை மெல்லத் தடவிக் கொடுப்பதால் அச்சம் வளராது.

ராக்கெட் ஏவும் நாட்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. அந்நாட்களிலும் தீபாவளியன்றும், ஒலி எழுமுன் நாயை உலாவச் செய்து, பின் வீட்டினுள் ஒதுக்கமான இடத்தில் இருத்துக. குட்டிகளை 3-ஆவது வாரம் முதல் 14-ஆவது வாரத்துக்குள் பலவித ஒலிகளுக்கும் மனிதர்களுக்கும் இதமாகப் பழக்கிவிடின் இத்தொல்லை பெரிதும் குறையும்.

எச்சரிக்கை

அஞ்சிய நாயின் கடியும் கடியே. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் மனிதர் பிழைப்பது மிக அரிது. ஆதலால் நாய்க்கு மூன்று மாத வயதிலும், பின்னர் கால்நடை மருத்துவர் குறிக்கும் காலங்களிலும் தடுப்பூசி போடுவிக்க வேண்டும். கடிபட்டவர் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, தாமதமின்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ அப்புதல் கூடாது. அன்றியும், பழகிய நாய் திடீரெனக் குணம் மாறி, உமிழ்நீர் ஒழுக, விழுங்க இயலாது தவிக்குமாயின், அதை வெறும் அச்சமெனக் கருதாமல், தொடாது ஒதுக்கிக் கால்நடை மருத்துவருக்கு அறிவித்தல் அவசியம்.

நிலமுடையோர் தம் காவல் நாய்களை இம்முறையில் பழக்கியும், கிராம அதிகாரிகள் தடுப்பூசி முகாம் நடைபெறும் நாளை முன்னரே ஊராருக்கு அறிவித்தும் வருவாராயின், நாயும் நலம்பெறும். குழந்தைகளும் அபாயமின்றித் தெருவில் நடமாடுவர்.