கழுத்தில் வெடிக்கும் பட்டை... ஸ்பைடர்மேன் கதை நிஜமானது எப்படி?

திருவாண்டார்கோயில் பஸ் ஸ்டாப். புதுச்சேரி பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற ப்ளஸ் டூ தம்பி போனில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தார். கைதியின் கழுத்தில் ஒரு பட்டை. எல்லையைத் தாண்டினால் வெடித்துவிடும். ''நிஜத்துல இப்படி இருக்காக்கா?'' என்றார்.

இருக்கு தம்பி. வெடிக்காது, அவ்வளவுதான்!

சயின்ஸ் ஃபிக்‌ஷனில் இந்தப் பட்டைக்கு வயது அதிகம். 1968-லேயே 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கேப்டன் கிர்க்குக்கு மாட்டிவிட்டார்கள். சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் வலி உயிர்போகும். 2000-ல் வந்த ஜப்பானியப் படம் 'பேட்டில் ராயல்', பள்ளி மாணவர்களின் கழுத்திலேயே வெடிக்கும் பட்டையைக் கட்டிப் பதறவைத்தது.

கற்பனை நிஜமானதுதான் சுவாரஸ்யம். 1977-ல் வெளியான ஸ்பைடர்மேன் காமிக்ஸில், வில்லன் ஹீரோவின் கையில் ஒரு கருவியை மாட்டி, அவர் எங்கே போனாலும் கண்டுபிடிக்கிறான். அதைப் படித்த அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநில நீதிபதி ஜாக் லவ்வுக்குப் பொறிதட்டியது. 'சிறைக்குப் பதில் இதைக் கட்டி வீட்டிலேயே வைத்தால் என்ன?' கருவியைச் செய்யவைத்து, முதலில் தானே அணிந்து பார்த்தார். 1983-ல் குற்றவாளியின் காலில் ஏறியது. வீட்டைவிட்டுத் தள்ளிப் போனால், போன் லைன் வழியே தகவல் போய்விடும்.

இந்தியாவுக்கும் வந்தாச்சு. 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலீஸ், ஜாமீனில் வந்த தீவிரவாத வழக்குக் கைதியின் காலில் ஜி.பி.எஸ் பட்டையைக் கட்டியது.

சிறை நெரிசலுக்கு நல்ல மாற்றுதானே என்று தோன்றலாம். ஆனால், ஜாமீனில் இருப்பவர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர். டெல்லியில் ஒரு போதைப்பொருள் வழக்கில், 'கூகுள் மேப்பில் இருப்பிடத்தைப் போலீஸுக்குக் காட்ட வேண்டும்' என்று ஜாமீன் நிபந்தனை போடப்பட்டது. 2024 ஜூலை 8-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வோர் அசைவையும் போலீஸ் தொடர்ந்து கண்காணிக்க வழிவிடும் நிபந்தனை, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்றது.

பஸ் வந்தது. தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அம்மாவின் மெசேஜ்: 'லொகேஷன் அனுப்பு.' சிரித்துக்கொண்டே லைவ் லொகேஷனைத் தட்டிவிட்டார்.

அதுவும் ஒரு பட்டைதான். ஆனால், அவர் நினைத்தால் நிறுத்திவிடலாம். அந்த 'ஸ்டாப்' பட்டன் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் அக்கறைக்கும் சிறைக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.