சோறு இறங்குகிறதா என்று பார்த்தார்கள்

1984 டிசம்பர் 24-ம் தேதி தேர்தல். இந்திரா காந்தி மறைந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதலமைச்சர் எம்.ஜி.ஆரோ நியூயார்க்கில், புரூக்ளின் மருத்துவமனையில். சிறுநீரகம் பழுது, பக்கவாதம் வேறு. ஆள் இருக்கிறாரா என்றே வதந்தி! ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோப் படத்தைக் கட்சிக்காரர்கள் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். வீட்டுக்கு வீடு டி.வி. இல்லாத காலமாயிற்றே!

எங்கள் ராசிபுரம் பக்கத்துப் பெண்கள் அதைக் கட்சிக் கண்ணாலா பார்த்தார்கள்? நோயாளியைப் பார்க்கப் போனால் நாம் முதலில் என்ன கேட்போம்? "வாய்க்குச் சோறு எறங்குதா?" அதேதான். படத்தில் அவர் சாப்பிட்டார், பேப்பர் படித்தார். "பாரக்கா, நல்லாத்தான் உங்கறாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம் என் மாமியார். பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும், "பேச்சு எப்படியிருக்குதுன்னு ஒருத்தரும் சொல்லலியே?" என்றாராம். கெட்டிக்காரப் பாட்டி! ஊர் திரும்பிய பிறகும் அவருக்குப் பேச்சு சிரமமாகத்தான் இருந்தது.

டிசம்பர் 19-ல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். ஓட்டுக் கேட்டு ஒரு நாள்கூட வராமலே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். சிறுநீரகம் தந்தவர் அண்ணன் மகள் லீலாவதி என்பது பிற்பாடு தெரிந்தது. எங்கள் பக்கத்துத் திண்ணைகளில் அப்புறம் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேச்சு.