அம்மை ஓய்ந்தபின் கோசாலை

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் செய்துகொள்ளும் குடும்பங்கள் பசுவை வழிபடுவதும் தானம் தருவதும் வழக்கமாதலால், காவிரிப் படுகையின் இக்கடைமடைப் பகுதியில் மாடு உழவுக்கும் பாலுக்கும் அப்பால் வழிபாட்டுக்கும் உரியதாக இருந்து வருகிறது. தமிழகக் கோயில்களுக்குத் தானமாக வரும் மாடுகள் கோசாலைகளில் பராமரிக்கப்படுவதோடு, மிகுதியானவை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் கிராமக் கோயில் பூசாரிகளுக்கும் வளர்க்கத் தரப்படுவதும் உண்டு. ஒருவரது மாட்டை மற்றொருவர் வளர்த்துப் பயனைப் பகிர்ந்துகொள்ளும் வாரமுறையும் சிற்றூர்களில் பழகிப்போன ஒன்றே. இவ்வாறு கைமாறும் மாடுகள் கூடுமிடத்தில் தொற்றுநோய் புகுந்தால், அது அடங்கியபின் மேற்கொள்ளப்படும் பராமரிப்பே அடுத்த பரவலைத் தடுக்கிறது.

அண்மைக்காலத்தில் இதை உணர்த்தியது, மாடுகளைத் தாக்கும், அம்மை வகையைச் சேர்ந்த தோல் கழலை நோய். 1929-இல் ஆப்பிரிக்காவின் சாம்பியாவில் முதன்முதலாக அறியப்பட்ட இந்நோய், 2019-இல் ஒடிசாவில் தலைகாட்டி, 2022-இல் குஜராத், ராஜஸ்தான் முதலிய மாநிலங்களில் பரவியபோது, நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மாண்டன. காய்ச்சலும் உடலெங்கும் கழலைகளும் தோன்றும் இந்நோயைக் கொசு, கடிக்கும் ஈ, உண்ணி ஆகியவை பரப்புகின்றன. மனிதருக்கு இது தொற்றுவதில்லை.

கழலை உலர்ந்து உதிரும் பொருக்கில் இந்நோயின் வைரஸ் ஒரு மாதத்துக்கு மேலும் உயிர்ப்புடன் இருக்கும். வெயில் படும் இடத்தில் அழிந்துவிடும் அது, இருண்ட கொட்டிலில் பல மாதங்கள்கூடத் தங்கக்கூடும். ஆகவே எஞ்சிய வைக்கோலையும் பழைய கயிறுகளையும் எரித்து, சாணத்தை அகற்றி, தரையையும் தொட்டியையும் சோப்பு நீரால் கழுவிய பின்னரே கிருமிநாசினி தெளிக்க வேண்டும்; சாணம் படிந்த தரையில் தெளிக்கும் கிருமிநாசினி தன் வீரியத்தை இழந்துவிடும். இரண்டு முதல் மூன்று விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் இதற்குப் போதும். வயலிலும் வாய்க்காலிலும் நீர் தேங்கும் சம்பாப் பருவத்தில் கொசு பெருகுமாதலால், கொட்டிலைச் சுற்றி நீர் தேங்காமல் வடித்து, மாலையில் புகைமூட்டம் இடுவது நலம்.

புதிய மாட்டைச் சேர்ப்பதில்தான் மிகுந்த நிதானம் வேண்டும். தொற்றியது முதல் அறிகுறி தோன்றும் வரையிலான நோயரும்பு காலம் 28 நாள் வரை என உலக விலங்கு சுகாதார அமைப்பு கணக்கிடுவதால், தானமாக வரும் மாட்டை அத்தனை நாளும் தனிக்கொட்டிலில் தனி ஆள் பார்வையில் வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் இந்நோய்க்குப் போடப்படும் ஆட்டம்மைத் தடுப்பூசியின் முழுப் பயன் கிடைக்க ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், ஊசி போட்ட மறுநாளே மந்தையில் சேர்ப்பது பயனற்றது. நோயிலிருந்து முற்றிலும் மீண்ட மாடு தொற்றைச் சுமந்து திரிவதில்லை. கழலைத் தழும்பைக் கண்டு அதை ஒதுக்குவதற்குக் காரணமில்லை.

மாட்டைத் தானம் தருவோரும் வளர்க்கப் பெறுவோரும் தடுப்பூசி போட்ட நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, ஐயத்துக்குரிய கழலை எதையேனும் கண்டால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ உடனே தெரிவிப்பது அவர்கள் கடமையாகும்.