விடுதி வாழ்வும் புதினமும்

பள்ளிப் பருவம் மனித வாழ்வில் ஒரு சிறு பகுதியேயாயினும், நினைவில் அது பற்றிக்கொள்ளும் இடம் பெரிது. அதிலும், பெற்றோரைப் பிரிந்து விடுதியில் தங்கிப் படித்தவர்க்கு அந்நாட்கள் என்றும் மறவாதவை. விடியற்காலை மணி, கிணற்றடியில் வரிசை, அளந்து வைக்கப்பட்ட சோறு, விளக்கணைந்த பின் எழும் மெல்லிய பேச்சு, வீட்டிலிருந்து வரும் கடிதம் ஆகியவற்றை ஒருவர் சொல்லத் தொடங்கினால், அவ்வாழ்வை வாழ்ந்த மற்றொருவர் இடைமறித்துத் தம் கதையைச் சொல்லாமல் இரார். இவ்வார்வம் நூலுருப் பெறும்போது விடுதிப் பள்ளிப் புதினம் தோன்றுகிறது. சில நாடுகளில் இத்தகைய புதினத்தை வாசகர் பெருவிருப்போடு ஏற்கின்றனர். வேறு சில இடங்களில் விடுதி வாழ்வு நெடுங்காலம் இருந்தும் அதைப் பாடும் புதினம் அரிதாகவே உள்ளது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிய, மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியாவையும், இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலைத் துறைமுகப் பகுதியையும் அருகருகே வைத்துக் காண்பது பயன் தரும்.

இவ்வகைப் புதினம் இங்கிலாந்தில் வேரூன்றியது. ரக்பி என்னும் ஊரின் பள்ளியைக் களமாகக் கொண்டு தாமஸ் ஹியூஸ் எழுதிய ‘டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்’ 1857இல் வெளிவந்தது. புதிதாக வரும் சிறுவன், அவனை வருத்தும் மூத்த மாணவன், உற்ற நண்பன், கண்டிப்பும் கனிவும் உடைய தலைமையாசிரியர் என்னும் அமைப்பு அந்நூலால் நிலைபெற்றது. பின்னர் எனிட் பிளைட்டன், 1941 முதல் 1951 வரையிலான பத்தாண்டுகளில், பெண்கள் விடுதிப் பள்ளிகள் இரண்டைப் பற்றிப் பன்னிரண்டு நூல்கள் எழுதினார். ஆங்கில ஆட்சி பரவிய நாடுகளிலெல்லாம் அவை சென்றன. பனியையும் கண்டறியாத, பாலாடைப் பணியாரத்தையும் சுவைத்தறியாத பிள்ளைகள், அவற்றை வியப்போடு படித்தனர். 1997இல் தொடங்கிய ஹாரி பாட்டர் கதைகளும் மந்திரம் கலந்த விடுதிப் பள்ளிக் கதைகளே. ஆயின், பிறர் நாட்டு விடுதியைப் பற்றிப் படிப்பது வேறு. தான் உண்ட சோற்றையும் தான் கேட்ட மணியோசையையும் நூலில் காண்பது வேறு. நைஜீரிய வாசகர் அடைந்த மகிழ்ச்சி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

நைஜீரியாவில் மேனாட்டுக் கல்வி சமயத் தொண்டர்களால் பரவியது. லாகோஸ் நகரில் 1859இல் முதலாவது உயர்தரப் பள்ளி நிறுவப்பட்டது. 1929இல் அரசாங்கம் உமுவாகியாவிலும் இபதானிலும் விடுதியோடு கூடிய கல்லூரிகளைத் தொடங்கியது. இவ்விரு கல்லூரிகளும் பின்னர் அந்நாட்டு இலக்கியத்தின் நாற்றங்கால்கள் ஆயின. சினுவா அச்செபே, கிறிஸ்தோபர் ஒகிக்போ, சுக்குவெமெகா ஐக்கே முதலியோர் உமுவாகியாவில் பயின்றவர்கள். வோலே சோயிங்கா இபதானில் பயின்றவர். உமுவாகியாவின் முதல்வராயிருந்த வில்லியம் சிம்ப்சன், வாரத்தில் சில நாட்களில் வகுப்பு முடிந்த பின்னர் எவரும் பாடநூலைத் தொடலாகாது என விதித்திருந்தார். அந்நேரத்தில் மாணவர் கதை நூல் படிக்கலாம், கடிதம் எழுதலாம், விளையாடலாம். தேர்வுக்குப் படித்தல் மட்டும் குற்றம். அச்செபே இந்த விதியைப் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். பாடநூலை மூடி வைக்கச் சொன்ன பள்ளியிலிருந்து ஒரு தலைமுறை எழுத்தாளர் வெளிவந்தனர் என்பது ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

எழுதுவோர் மட்டும் இருந்தால் போதாது, படிப்போரும் வேண்டும். நைஜர் ஆற்றங்கரையிலுள்ள ஒனிட்சா என்னும் வணிக நகரின் சந்தையில், 1940களின் பிற்பகுதி முதல் 1960கள் வரை, உள்ளூர் அச்சகங்களில் அச்சான சிறு நூல்கள் மலிந்த விலைக்கு விற்றன. அவற்றை வாங்கியவர் மாணவர், சிறு வணிகர், புதிதாக எழுத்தறிந்தோர் ஆகியோர். அச்சுப் பிழைகள் மலிந்திருந்தும், தம்மைப் போன்ற மாந்தரைப் பற்றித் தம் ஊரார் எழுதியவை என்ற காரணத்தால் அவை விரும்பிப் படிக்கப்பெற்றன. வாசகர் பழக்கம் இவ்வாறு அடிநிலையில் உருவாகியிருந்தது.

இந்நிலத்திலிருந்து முளைத்தது ஐக்கேயின் ‘புட்டியில் அடைத்த சிறுத்தை’. இது 1985இல் வெளிவந்தது. இதன் தலைவனாகிய அமோபி, கிராமத்திலிருந்து அரசாங்கக் கல்லூரியின் விடுதிக்கு வருகிறான். மனிதன் ஒருவனின் உயிர் சிறுத்தையின் உடலிற் புகுந்து உலவக்கூடும் என்பது அவன் ஊராரின் நம்பிக்கை. பகலில் விஞ்ஞானம் கற்பிக்கும் பள்ளி அதனை மூடநம்பிக்கை என்கிறது. இரவில் அவன் மனம் அந்நம்பிக்கையைக் கைவிட மறுக்கிறது. மூத்த மாணவரின் கொடுமை, நண்பரின் குறும்பு முதலிய வழக்கமான நிகழ்ச்சிகள் இதிலும் உண்டு. ஆயின், நூலின் உயிர் அந்தப் போராட்டத்தில் இருக்கிறது. வீட்டின் மொழியும் பள்ளியின் மொழியும் ஒன்றோடொன்று மோதும் இடமாக விடுதி இதில் காட்டப்படுகிறது. ஆங்கில நூல்களில் இல்லாத பொருள் இது.

நைஜீரியாவில் விடுதிக்கு மற்றோர் அருமையும் உண்டு. 1966இல் தொடங்கி மத்திய அரசாங்கம் நிறுவிய ‘ஒற்றுமைப் பள்ளிகளில்’ வெவ்வேறு இனத்தையும் சமயத்தையும் சேர்ந்த பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் உறங்கவும் உண்ணவும் வேண்டுமென்பதே நோக்கமாயிருந்தது. அடுத்த ஆண்டிலேயே உள்நாட்டுப் போர் மூண்டு, 1970 வரை நீடித்தது. போருக்குப் பின் அப்பள்ளிகள் பெருகின. ஆகவே, நாட்டின் பல பகுதிகளிலும் வாழும் படித்தோருக்குப் பொதுவான நினைவு ஒன்று விடுதியால் உருவாயிற்று. புதிய விடுதிக் கதை வெளிவரும்போது வடக்கரும் தெற்கரும் ஒருங்கே மகிழ்வதற்குக் காரணம் இதுவே. அந்நினைவின் மீது இருளும் படிந்துள்ளது. 2014 ஏப்ரலில் சிபோக் என்னும் ஊரின் பெண்கள் விடுதிப் பள்ளியிலிருந்து 276 மாணவியர் ஆயுதக் குழுவினரால் கடத்தப்பட்டனர். பாதுகாப்பின் உறைவிடமென்று பெற்றோர் நம்பிய விடுதி அச்சத்தின் இடமாக மாறிய அவலத்தையும் அந்நாட்டு எழுத்தாளர் புதினமாக்கியுள்ளனர்.

இனித் திருகோணமலையைக் காண்போம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய இதனைப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் மாறி மாறிக் கைக்கொண்டனர். ஆங்கிலேயக் கடற்படை 1957இல் இத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. துறைமுகத்தின் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை கடலொடு கலப்பது இங்கேதான். குடாவின் ஒரு கரையில் நகரமும் மறு கரையில் மூதூரும் உள்ளன. கண்ணுக்கு எட்டும் தூரமாயினும், தரை வழியே செல்வோர் ஆறுகளையும் கழிகளையும் ‘பாதை’ என்று மக்கள் வழங்கும் மிதவைகளில் கடக்க வேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. ஏனைய பாலங்கள் பின்னர் முடிந்தன. அதுவரை மூதூரார்க்கு நகரம் என்பது படகேறிச் சென்றடையும் இடமே. உயர்கல்வி வேண்டிய பிள்ளை கடலைக் கடந்து வந்து உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்குவது இயல்பாயிற்று. நீரைக் கடந்து கல்வி பெறும் இடர் இன்னும் முற்றாக அகலவில்லை என்பதை, 2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து பள்ளிச் சிறுவர் உட்படப் பலர் உயிரிழந்த துயரம் உணர்த்தியது.

நகரின் கல்வி மரபும் பழமையானது. புனித சூசையப்பர் கல்லூரி 1867இலும், இந்துக் கல்லூரி 1897இலும் தோன்றின. முத்தமிழ்ப் புலவராகிய விபுலானந்த அடிகள் 1920களின் பிற்பகுதியில் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார். இலக்கியத்திலும் இவ்வூர் பின்தங்கியதன்று. திருகோணமலையிற் பிறந்து சென்னையில் நூலகப் பணி ஆற்றிய த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’, தமிழின் முதல் வரலாற்றுப் புதினம் எனப் போற்றப்படுவது. மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம் ஆசிரியப் பணியோடு எழுத்துப் பணியும் ஆற்றி, ‘தோணி’ என்னும் சிறுகதைத் தொகுதியால் புகழ் பெற்றார். ஆசிரியையாகப் பணிபுரிந்த ந. பாலேஸ்வரி பல புதினங்கள் எழுதினார். 1970களில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரி நிறுவனம் மலிந்த விலையில் இலங்கைப் புதினங்களை வரிசையாக வெளியிட்டது. வாசகர் அவற்றை ஆவலோடு வாங்கினர். ஒனிட்சாச் சந்தையில் நிகழ்ந்ததும் இதுவே. தம் ஊரும் தம் பேச்சும் நூலில் வருமாயின் வாசகர் தாமே வருவர் என்பதற்கு இரண்டும் சான்று.

இவ்வாறு பள்ளியும் உண்டு, விடுதியும் உண்டு, ஆசிரியராயிருந்த எழுத்தாளரும் உண்டு, வாசகரும் உண்டு. எனினும், விடுதிப் பள்ளிப் புதினம் தமிழில் ஒரு தனி வகையாக வளரவில்லை. இதற்குக் காரணங்கள் சிலவற்றைக் கூறலாம். தமிழ்ப் புதினம் நெடுங்காலம் வார, மாத இதழ்களின் தொடர்கதையாக வளர்ந்தது. அதன் களம் பெரும்பாலும் குடும்பம். அதன் சிக்கல் திருமணம். ஆசிரியராயிருந்த எழுத்தாளரும் தாம் நாள்தோறும் நின்ற வகுப்பறையை விட்டு, வயலையும் கடலையும் பாட விரும்பினர். விடுதி வாழ்வைச் சிறுவர்க்குரிய பொருளென்று கருதிப் பெரியோர் ஒதுக்கியதும் உண்டு.

இவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. அது உணவுக் கூடத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்கத் தொண்டர்கள் 1823இல் வட்டுக்கோட்டையிலும், 1824இல் உடுவிலிலும் விடுதிக் கல்வியைத் தொடங்கிய காலத்தில், யாருடன் யார் உண்பது என்பதே பெற்றோரின் முதற் கவலையாயிருந்தது. நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அக்கவலை தீரவில்லை. தமிழ்நாட்டில் வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவிக் குருகுலத்தில், பிராமணச் சிறுவர்க்குத் தனிப் பந்தி இடப்பட்டதென்ற செய்தி 1924இலும் 1925இலும் நாட்டையே கலக்கியது. பெரியார் காங்கிரசை விட்டு விலகுவதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. யாழ்ப்பாணப் பள்ளிகளில் சம ஆசனமும் சம போசனமும் வேண்டுமென்ற கோரிக்கை 1920களின் இறுதியில் எழுந்தபோது எதிர்ப்பு கடுமையாயிருந்தது. விடுதியைப் பற்றி உண்மையாக எழுதப் புகும் தமிழ் எழுத்தாளர் அந்தப் பந்தியைக் காணாமற் கடந்து செல்ல இயலாது. இனிய நினைவாகத் தொடங்கும் கதை அவ்விடத்தில் கசப்பாகிறது. பலர் எழுதத் தயங்கியதற்கு இது காரணமாயிருக்கக்கூடும். ஆயின், அச்செபேயும் ஐக்கேயும் தோன்றிய நாட்டின் அனுபவம் வேறொன்றைக் காட்டுகிறது. அமோபியின் கதையை உயர்த்துவது அதன் குறும்பன்று. மறைக்க விரும்பியதை மறையாது சொன்ன துணிவேயாகும். ஒரே பந்தியில் அமர்ந்த பின்னர் மனத்தில் நிகழ்ந்த மாறுதல்களை எழுதுவாராயின், தமிழ் எழுத்தாளர்க்கு நைஜீரியரினும் வளமான பொருள் கிடைக்கும்.

இப்பொருள் திருகோணமலைக்கு மேலும் உரியது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் மாவட்டம் இது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த பிள்ளைகள் பலர் விடுதிகளிலும் இல்லங்களிலும் வளர்ந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்பேரலை மேலும் பலரைப் பெற்றோரற்றோர் ஆக்கியது. அவர்களுக்கு விடுதி, விடுமுறையில் விட்டுச் செல்லும் இடமன்று, அதுவே வீடு. டாம் பிரவுனின் கதை அவன் வீடு திரும்பும் நாளை எண்ணிக்கொண்டே நடக்கிறது. திரும்புவதற்கு வீடில்லாத பிள்ளையின் கதை எவ்வாறு நடக்கும்? மணி அடிக்கும்போது அப்பிள்ளை எதை நினைக்கும்? கடிதம் வராத ஞாயிற்றுக்கிழமையில் அதற்கு அருகிருந்து ஆறுதல் சொன்ன தோழன் எந்த மொழி பேசினான்? அவ்வாழ்வை வாழ்ந்தவர் இன்று நடுவயதை அடைந்து வருகின்றனர். அவர்கள் எழுதாவிடின் அந்நினைவு அவர்களோடு மறையும்.

நல்ல புதினம் பிறப்பதற்குப் பெரிய வசதிகள் தேவையில்லை. உமுவாகியாவில் அதற்கு உதவியது ஓர் எளிய விதி: மாலையில் பாடநூலை மூடிவிட்டுக் கதை நூலைத் திறப்பது. தேர்வும் மேலதிக வகுப்பும் நாளின் பெரும்பகுதியை விழுங்கும் இக்காலத்தில், திருகோணமலையின் பள்ளிகளும் விடுதிகளும் வாரத்தில் ஒரு மாலையை அவ்வாறு ஒதுக்குமாயின், அப்பழக்கத்திலிருந்து முதலில் வாசகர் தோன்றுவர். கொட்டியாரக் குடாவைப் படகில் கடந்து, தகரப் பெட்டியோடு விடுதி வாயிலில் நின்ற ஒரு பிள்ளையின் கதையை எழுதுபவரும் அவர்களுள் ஒருவராகவே இருப்பார். அந்நூல் வெளிவரும் நாளில், அதே வாயிலில் ஒருகாலத்தில் நின்றவர் அனைவரும் அதன் முதல் வாசகராவர்.